லேப்டாப்பைத் திறக்கும் முன் மல்டிமீட்டரை எடுங்கள்

இசியு, அதாவது பெட்ரோலையும் ஸ்பார்க்கையும் கட்டுப்படுத்தும் கணினி, மாற்றிய கார் ஒழுங்காக ஓடவில்லை என்றால் எல்லோரும் முதலில் கை வைப்பது ஃப்யூயல் டேபிளில்தான், எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்று சொல்லும் அட்டவணையில். ஐடிலிங்கில் வண்டி ஆடுகிறதா, அந்தக் கட்டத்தில் இரண்டு நம்பர் கூட்டு. ஹெட்லைட் போட்டால் அணைகிறதா, இன்னும் இரண்டு கூட்டு. ஒரு வாரம் இப்படிப் போனால் சமவெளி மாதிரி இருக்க வேண்டிய டேபிள் மேடும் பள்ளமுமாகக் கிடக்கும். கோளாறு அங்கே இருந்திருக்கவே இருக்காது. எர்த், சென்சார் அளவு, இன்ஜெக்டரின் டெட் டைம் (திறக்கும் தாமதம்), ஸ்பார்க்கின் அடிப்படை டைமிங் இந்த நாலில் ஒன்றில் இருக்கும். அதனால் டேபிளைப் பற்றி இந்தப் பதிவில் கடைசியில்தான் பேசப் போகிறேன்.

உதாரணத்துக்கு ஒரு கார் வேண்டும். மாஸ்டா எம்எக்ஸ்-5, முதல் தலைமுறை, 1.6 லிட்டர் பி6 இன்ஜின். ஸ்டாண்ட்அலோன் இசியு (கம்பெனி இசியுவுக்குப் பதிலாக நாமே அமைக்கக்கூடியது) போட்டுப் பழக உலகம் முழுக்க அதிகம் பயன்பட்ட கார்களில் இதுவும் ஒன்று. புரூஸ் பவ்லிங், அல் கிரிப்போ இருவரும் தொடங்கிய மெகாஸ்க்வர்ட்டும், ஆர்டுயினோ மெகா 2560 போர்டை வைத்து ஜாஷ் ஸ்டீவர்ட் உருவாக்கிய ஸ்பீடுயினோவும் இந்தக் காரில் ஏராளமாக ஓடுகின்றன. இரண்டுக்கும் மென்பொருள் டியூனர்ஸ்டுடியோதான். வேறு கார் வைத்திருப்பவர்களுக்கும் வேலையின் வரிசை இதேதான்.

இந்தக் காரில் கழற்றி எறிய ஆசைப்படும் முதல் பொருள் காற்று வரும் வழியை அடைத்துக்கொண்டு நிற்கும் பழைய ஃப்ளாப் வகை ஏர் ஃப்ளோ மீட்டர். அதை எடுத்ததும் மூன்று விஷயம் கூடவே போய்விடுகிறது. காற்றளவு போவது எல்லோருக்கும் தெரியும், அந்த வேலையை இன்டேக் மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளக்கும் மேப் சென்சார் பார்த்துக்கொள்ளும். காற்று வெப்பநிலை சென்சாரும் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. பெட்ரோல் பம்ப் ரிலேவை இழுக்கும் சுவிட்சும் அதற்குள்தான் இருந்தது. எல்லா வயரிங்கும் முடித்து செல்ஃப் அடித்தால் ஸ்பார்க் வருகிறது, பெட்ரோல் வாசமே இல்லை என்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான். புது இசியுவின் பம்ப் அவுட்புட்டை அந்த ரிலேயின் காயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். இன்னொன்று: மேனுவல் கியர் 1.6 காரில் த்ராட்டில் சென்சார் என்று இருப்பது வெறும் சுவிட்ச். மூடியிருக்கிறதா, முழுக்கத் திறந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லும், நடுவில் ஒன்றும் தெரியாது. ஆட்டோமேட்டிக் காரில் வரும் மாறும் வகை சென்சாரைப் போடாமல் ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட்டை (ஆக்சிலரேட்டரை மிதிக்கும் நொடியில் கூடுதல் பெட்ரோல் கொடுப்பதை) ஒழுங்காக அமைக்க முடியாது.

எர்த்தில் தொடங்குவோம். சென்சார்களின் எர்த் வயர் எல்லாம் இசியுவுக்கே திரும்ப வேண்டும், பாடியில் எங்காவது ஒரு ஸ்க்ரூவில் முடியக்கூடாது. இசியுவின் பவர் எர்த் இன்ஜின் பிளாக்கிலோ ஹெட்டிலோ ஒரே இடத்தில் சேர வேண்டும். சோதிப்பது எளிது. இன்ஜின் ஓடட்டும், ரேடியேட்டர் ஃபேன், ஹெட்லைட் இரண்டும் போடுங்கள். மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி மைனஸிலும் மறுமுனையைச் சென்சார் எர்த்திலும் வையுங்கள். 50 மில்லிவோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. 100 வந்தால் என்ன ஆகும்? எக்ஸாஸ்டில் ஆக்சிஜனை அளக்கும் வைட்பேண்ட் சென்சாரின் கன்ட்ரோலர் 0 முதல் 5 வோல்ட்டில் 10 முதல் 20 வரை ஏஎஃப்ஆர் (காற்று-பெட்ரோல் எடை விகிதம்) அனுப்புகிறது என்று வையுங்கள். 0.1 வோல்ட் பிசகினால் 0.2 ஏஎஃப்ஆர் பிசகும். கேஜில் 12.8, இசியு பதிவு செய்யும் லாக்கில் 13.0. எதை நம்பி டியூன் செய்வீர்கள்?

சென்சார் அளவுகளில் அதிகம் தவறுவது வெப்பநிலை. இந்தக் காரின் கூலன்ட் சென்சார் 20 டிகிரியில் சுமார் 2.45 கிலோ ஓம், 80 டிகிரியில் சுமார் 320 ஓம். ஜிஎம் வகை சென்சார் 30 டிகிரியில் 2,238 ஓம், 99 டிகிரியில் 177 ஓம். மென்பொருளில் பட்டியலில் முதலில் இருக்கிறது என்று ஜிஎம்மைத் தேர்ந்தெடுத்துவிட்டு மாஸ்டா சென்சாரை வைத்தால் சூடான பிறகு இரண்டும் ஏறக்குறைய ஒன்றுபோல் காட்டும், அதனால் தவறு கண்ணில் படாது. குளிர்ந்த இன்ஜினில்தான் ஏழெட்டு டிகிரி கூடுதலாகக் காட்டி, காலையில் ஸ்டார்ட் ஆக முரண்டு பிடிக்கும். சென்சார் எந்தக் கம்பெனி என்றே தெரியாவிட்டாலும் கவலையில்லை. ஐஸ் போட்ட தண்ணீர், அறை வெப்பம், கொதிக்கும் தண்ணீர் மூன்றிலும் ஓம் அளந்து அந்த மூன்று ஜோடியை மென்பொருளில் கொடுத்தால் வளைவை அதுவே போட்டுக்கொள்ளும். சாவி போட்டு, இன்ஜின் ஓடாமல், காலை வேளையில் பாருங்கள்: கூலன்ட், காற்று இரண்டும் ஒரே டிகிரி காட்ட வேண்டும். மேப் சென்சார் சென்னையில் 100, 101 கேபிஏ காட்ட வேண்டும். 92 என்று காட்டினால் சென்சார் வகை தவறாகத் தேர்வாகியிருக்கிறது. அதை விட்டுவிட்டு மேலே போவதில் அர்த்தமில்லை.

மேப் சென்சாருக்குப் போகும் குழாயை இன்டேக் மேனிஃபோல்டின் பெரிய அறையிலிருந்து தனியாக எடுங்கள். பிரேக் பூஸ்டர் குழாயில் ஒரு டி போட்டு எடுத்தால் பிரேக் மிதிக்கும் போதெல்லாம் பெட்ரோல் அளவு ஆடும்.

அடுத்தது இன்ஜெக்டர். முதலில் ஓம் பாருங்கள். 12 முதல் 16 ஓம் என்றால் நேராகக் கொடுக்கலாம். 2 முதல் 4 ஓம் என்றால் 14 வோல்ட்டில் 3.5 முதல் 7 ஆம்பியர் வரை இழுத்து இசியுவின் டிரைவரைப் பொசுக்கிவிடும். ரெசிஸ்டர் பெட்டியோ பீக் அண்ட் ஹோல்ட் டிரைவரோ (திறக்க அதிகக் கரன்ட், பிறகு குறைவாகக் கொடுப்பது) வேண்டும்.

பிறகு கணக்கு. மென்பொருள் கேட்கும் 'ரிக்வயர்டு ஃப்யூயல்' எண் எங்கிருந்து வருகிறது என்று ஒரு தடவை கையால் போட்டுப் பார்த்துவிட்டால் பாதி குழப்பம் தீரும். 1,597 சிசி இன்ஜினில் ஒரு சிலிண்டர் 399 சிசி. 100 கேபிஏ, 21 டிகிரியில் அதில் 0.473 கிராம் காற்று அடங்கும். பெட்ரோல் முழுதாக எரியத் தேவையான விகிதம் 14.7-ஆல் வகுத்தால் 0.0322 கிராம் பெட்ரோல். நிமிடத்துக்கு 300 சிசி இன்ஜெக்டர் என்றால் மில்லி செகண்டுக்கு 3.7 மில்லிகிராம் விடும். ஆக 8.7 மில்லி செகண்ட். விஇ டேபிளில் (முதலில் சொன்ன ஃப்யூயல் டேபிள்தான்) 100 என்று எழுதினால் இசியு இந்த 8.7-ஐ முழுதாகக் கொடுக்கிறது, 60 என்றால் அறுபது சதவீதம், அவ்வளவுதான்.

இப்போது 7,000 ஆர்பிஎம். இரண்டு சுற்றுக்கு 17.1 மில்லி செகண்ட்தான் கிடைக்கும். டர்போ இல்லாமல், விஇ 100, ஏஎஃப்ஆர் 12.8 என்றால் 10 மில்லி செகண்ட், டெட் டைம் ஒன்று சேர்த்து 11. டியூட்டி, அதாவது கிடைக்கும் நேரத்தில் இன்ஜெக்டர் திறந்திருக்கும் பங்கு, 64 சதவீதம், நிம்மதி. அதே இன்ஜெக்டரோடு 0.6 பார் பூஸ்ட் ஏற்றி 11.5 ஏஎஃப்ஆர் கேட்டால் 18.8 மில்லி செகண்ட் வேண்டும். இருப்பதே 17.1! இன்ஜெக்டர் மூடாமலே நிற்கும், மேலே போகப் போக லீன் (பெட்ரோல் பற்றாக்குறை) ஆகும், டேபிளில் என்ன எழுதினாலும் ஏறாது. பூஸ்டில் பிஸ்டன் உருகிய கார்களில் பலவற்றின் கதை இதுதான். 550 சிசி போட்டால் அதே இடத்தில் 10.7 மில்லி செகண்ட், 63 சதவீதம். டியூட்டி 85 சதவீதத்தைத் தாண்டாமல் இன்ஜெக்டர் தேர்ந்தெடுங்கள். ரிட்டர்ன் பைப் இல்லாத பெட்ரோல் லைன் உள்ள கார்களில் இன்னொரு பொறி இருக்கிறது: ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்ட் அழுத்தம் தெரியாது. 3 பார் லைனில் 0.6 பார் பூஸ்ட் எதிர்த்து நின்றால் இன்ஜெக்டருக்கு மிஞ்சுவது 2.4. விகிதத்தின் வர்க்கமூலம் எடுத்தால் பெட்ரோல் பத்து சதவீதத்துக்கு மேல் குறையும். எம்எக்ஸ்-5 1.6-இல் மேனிஃபோல்டோடு இணைந்த ரெகுலேட்டரும் ரிட்டர்னும் இருப்பதால் இந்தத் தொல்லை இல்லை.

மேலே போகிற போக்கில் சேர்த்த அந்த 'ஒன்று' இருக்கிறதே, டெட் டைம், அதை நிறுத்தி நிதானமாகப் பார்க்க வேண்டும். கரன்ட் கொடுத்த நொடியில் இன்ஜெக்டர் திறந்துவிடாது. 14 வோல்ட்டில் ஏறக்குறைய ஒரு மில்லி செகண்ட் தாமதம், 10 வோல்ட்டில் அதைவிட நிறைய. முழு த்ராட்டிலில் 11 மில்லி செகண்டில் 0.3 தவறினால் மூன்று சதவீதம், யாருக்கும் தெரியாது. ஐடிலிங்கில் மொத்தமே 2 மில்லி செகண்ட். அங்கே 0.3 என்பது 15 சதவீதம். ஹெட்லைட்டும் ஃபேனும் ஓடும்போது வோல்டேஜ் 14-இலிருந்து 12.8-க்கு இறங்கினால் டெட் டைம் நீள்கிறது, உள்ளே போகும் பெட்ரோல் குறைகிறது, வண்டி அணைகிறது. டேபிளில் இரண்டு கூட்டினால் லைட் போட்டிருக்கும்போது சரியாகும், அணைத்ததும் ரிச் (பெட்ரோல் அதிகம்) ஆகும். இன்ஜெக்டர் தயாரிப்பாளர் தரும் வோல்டேஜ் அட்டவணையை அப்படியே உள்ளிடுங்கள். அட்டவணை கிடைக்காத மலிவு இன்ஜெக்டரை, விலையைப் பார்த்து மயங்காமல், கடையிலேயே விட்டுவிடலாம். இருப்பதை வைத்துச் சமாளித்தே ஆக வேண்டும் என்றால்: சூடான இன்ஜின், ஐடிலிங், கரெக்‌ஷன் எல்லாம் ஆஃப். லைட், ஃபேன், பின்கண்ணாடி ஹீட்டர் போட்டு, அணைத்து, ஏஎஃப்ஆர் இரண்டு நிலையிலும் அசையாமல் நிற்கும் வரை வோல்டேஜ் கரெக்‌ஷனை மட்டும் மாற்றுங்கள்.

ஸ்பார்க்குக்கு வருவோம். இங்கே ஒரு தவறுக்கு மன்னிப்பே கிடையாது: அவுட்புட் போலாரிட்டி. 'கோயிங் ஹை', 'கோயிங் லோ' என்று இரண்டு தேர்வு இருக்கும். தலைகீழாகப் போட்டால் சாவி போட்டதிலிருந்தே காயிலில் கரன்ட் ஓடிக்கொண்டே இருக்கும். கை வைக்க முடியாத அளவுக்குச் சுட்டு, இக்னைட்டரோ காயிலோ போய்விடும். ஸ்பீடுயினோவில் பெரும்பாலும் கோயிங் லோதான். ஆனால் வேறு இசியுவுக்கு எழுதிய வழிகாட்டியில் உள்ள பெயரை நம்பி அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் முறை பவர் கொடுக்கும்போது காயில் கனெக்டரைக் கழற்றி வையுங்கள். போலாரிட்டி சரிபார்த்து மாட்டிய பிறகும் முதல் ஒரு நிமிடம் காயிலைத் தொட்டுத் தொட்டுப் பாருங்கள். ட்வெல் (ஒவ்வொரு ஸ்பார்க்குக்கும் முன் காயிலில் கரன்ட் ஓடும் நேரம்) 3 மில்லி செகண்டில் தொடங்கினால் பெரும்பாலான காயில்களுக்குப் பாதுகாப்பு.

அடிப்படை டைமிங்கை டைமிங் லைட் இல்லாமல் வைக்கவே முடியாது. திரையில் 10 டிகிரி என்று இருப்பது இசியுவின் நம்பிக்கை மட்டும்தான். மென்பொருளில் டைமிங்கை 10-இல் பூட்டுங்கள், லைட்டை புல்லியில் அடியுங்கள், குறி 10-இல் நிற்கும் வரை ட்ரிகர் ஆங்கிளை (சென்சார் சிக்னலுக்கும் பிஸ்டன் உச்சிக்கும் உள்ள கோணத்தை) மாற்றுங்கள். பிறகு 4,000-க்கு ரேஸ் பண்ணிப் பாருங்கள். குறி அசையக்கூடாது. வேகத்தோடு நகர்ந்தால் சென்சார் தாமதம், அல்லது விஆர் (காந்த வகை) சென்சாரின் இரண்டு வயர் மாறியிருக்கிறது. இந்த இன்ஜினில் சென்சார் ஹெட்டின் பின்னால் காம் ஷாஃப்ட்டோடு சுழல்வதால் டைமிங் பெல்ட்டின் ஆட்டம் கொஞ்சம் தெரியும், ஒன்றிரண்டு டிகிரி நடுங்குவதைக் கண்டு பயப்பட வேண்டாம். ஆனால் ஐடிலிங்கில் சரிசெய்த குறி அடுத்த வாரம் வேறு இடத்தில் நின்றால் டியூனிங்கை நிறுத்திவிட்டு கிராங்க் புல்லியைப் பாருங்கள். ஆரம்ப வருடக் கார்களில் நாலு பிளவு உள்ள புல்லி இருக்கும், அதற்குப் பின்னால் குட்டை மூக்கு கிராங்க். அதன் கீ தேய்ந்து ஆடுவது பேர்போன வியாதி. எட்டு பிளவு புல்லி என்றால் பிந்தைய கிராங்க்.

லாக்கில் ஆர்பிஎம் ஊசி மாதிரி திடீரென்று 9,000-க்குப் பாய்ந்து திரும்பினாலோ சிங்க் லாஸ் எண் (இசியு இன்ஜினின் நிலையைத் தவறவிட்ட தடவைகள்) ஏறினாலோ மின் இரைச்சல். ஷீல்டு வயரின் உறையை இசியு பக்கம் மட்டும் எர்த் செய்யுங்கள், இரண்டு பக்கமும் வேண்டாம். பிளக் ரெசிஸ்டர் வகைதானா என்று பாருங்கள். என்ஜிகே பிளக்கில் பிகேஆர்6இ-11 என்பதில் 'ஆர்' அதுதான். கடைசி 11 என்பது 1.1 மில்லிமீட்டர் கேப். பூஸ்ட் கார் என்றால் அதை 0.7, 0.8-க்கு இறக்குங்கள், இல்லாவிட்டால் அழுத்தத்தில் ஸ்பார்க் அணைந்து மிஸ்ஸிங் வரும்.

மிஸ்ஸிங் வந்தால் வைட்பேண்ட் பொய் சொல்லும். எரியாமல் வெளியேறும் காற்றில் ஆக்சிஜன் அப்படியே இருப்பதால் மீட்டர் லீன் என்கிறது. அதை நம்பிப் பெட்ரோலைக் கூட்டினால் பிளக் நனைந்து மிஸ்ஸிங் இன்னும் மோசமாகும். சென்சாருக்கு முன்னால் எக்ஸாஸ்ட் கேஸ்கெட்டில் கசிவு இருந்தாலும் இதே பொய்தான். சென்சாரைப் படுக்கை மட்டத்துக்கு மேலே பத்து டிகிரியாவது சாய்த்துப் பொருத்துங்கள், உள்ளே தேங்கும் தண்ணீர் செராமிக்கை உடைக்கும். பாஷ் எல்எஸ்யு சென்சாரின் கனெக்டரை வெட்டி வேறு கனெக்டர் போடாதீர்கள், அதன் அளவீட்டு ரெசிஸ்டர் அந்தக் கனெக்டருக்குள் இருக்கிறது.

நம்மூர் பெட்ரோலுக்கு ஒரு குறிப்பு. 20 சதவீதம் எத்தனால் கலந்த இ20-க்கு முழு எரிப்பு விகிதம் 14.7 அல்ல, சுமார் 13.5. ஆனால் கேஜ் லாம்டாவை (முழு எரிப்பு விகிதத்தோடு ஒப்பிட்ட அளவு, சரியாக இருந்தால் 1) 14.7-ஆல் பெருக்கித்தான் காட்டும், அதனால் இ20 ஊற்றினாலும் லாம்டா 1 என்பது 14.7 என்றே தெரியும். குழப்பமே வேண்டாம் என்றால் திரையை லாம்டாவுக்கு மாற்றிவிடுங்கள். மேலே போட்ட 8.7 கணக்கு இ20-இல் சுமார் 9.5 ஆகும். இதைச் செய்யாமல் வெளிநாட்டுக்காரர் கொடுத்த ரெடிமேட் டேபிளை ஏற்றினால் எட்டு சதவீதம் லீனாகத்தான் ஓடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு டேபிள். இது உண்மையில் சுலபமான பகுதி. கூலன்ட் 80-க்கு மேல், ஆக்சிலரேஷன் என்ரிச்மென்ட் ஆஃப், லாம்டா கரெக்‌ஷன் ஆஃப். ஒரு கட்டத்தில் நிதானமாக நில்லுங்கள். விஇ 62, இலக்கு 13.0, வருவது 14.1 என்றால் 62 × 14.1 ÷ 13.0 = 67. அதை எழுதி அடுத்த கட்டம். டியூனர்ஸ்டுடியோவின் ஆட்டோட்யூன் இதையேதான் செய்கிறது. ஆனால் ஓவர்ரன்னில் (ஆக்சிலரேட்டரை விட்டு வண்டி உருளும்போது) பெட்ரோல் வெட்டும் இடங்களிலும், இரண்டே தடவை தொட்ட கட்டங்களிலும் அது உளறும். மூலைகளை அதன் கையில் விடாதீர்கள், பக்கத்துக் கட்டங்களைப் பார்த்து நீங்களே மென்மையாக்குங்கள். இலக்குகள்: க்ரூஸில் லாம்டா 1, டர்போ இல்லாத முழு த்ராட்டிலில் 0.86 முதல் 0.88, பூஸ்டில் 0.77 முதல் 0.80. முழு த்ராட்டில் வேலையை டைனோவிலோ (நின்ற இடத்திலேயே ஓட்டி டார்க் அளக்கும் கருவி) டிராக்கிலோ வைத்துக்கொள்ளுங்கள். கோவையிலும் இருங்காட்டுக்கோட்டையிலும் டிராக் இருக்கிறது. தயாரிப்பாளர் கொடுத்த வடிவத்திலிருந்து மாறுபட்ட கார் பொதுச்சாலைக்கு வந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவு குறுக்கே நிற்கும்.

ஸ்பார்க் டைமிங்கில் தைரியம் காட்டுவதற்கு முன் நாக்கிங்கை (பெட்ரோல் தானாக எரிந்து தட்டுவதை) காதால் கேட்க ஏற்பாடு செய்யுங்கள். பிளாக்கில் போல்ட் செய்த நாக் சென்சார், ஆம்ப்ளிஃபயர், காதை மூடும் ஹெட்ஃபோன். 78 மில்லிமீட்டர் போர் உள்ள இந்த இன்ஜினில் அந்தத் தட்டல் சுமார் 7.3 கிலோஹெர்ட்ஸில் வரும், ஃபில்டரை அங்கே வையுங்கள். டைனோவில் இரண்டிரண்டு டிகிரியாகக் கூட்டி, டார்க் ஏறுவது நின்ற இடத்தில் நிறுத்தி, இரண்டு டிகிரி பின்வாங்குங்கள். டார்க் நிற்கும் முன்பே தட்டினால் எல்லை அதுதான்.

மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி ஏறுபவர்களுக்கு ஒன்று. தனி பாரோ சென்சார் இல்லாத இசியு, சாவி போட்ட நொடியில் மேப் சென்சார் காட்டியதையே வெளிக்காற்றின் அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். கீழே சுமார் 97 கேபிஏ, 2,240 மீட்டரில் உள்ள ஊட்டியில் சுமார் 77. மேப் சென்சார் வைத்து ஓடும் காரில் பெரிய வித்தியாசம் தெரியாது. தனித்தனி த்ராட்டில் போட்டு ஆல்ஃபா-என் முறையில் (த்ராட்டில் திறப்பை வைத்துக் கணக்கிடுவது) ஓட்டினால் நடுவில் ஒரு தடவையும் அணைக்காமல் ஏறும் கார் மேலே போய்ச் சேரும்போது கால் பங்கு ரிச். கருப்புப் புகை வந்தால் ஓரமாக நிறுத்தி, அணைத்து, சாவி போடுங்கள், சரியாகிவிடும். நிரந்தரத் தீர்வு இரண்டாவது சென்சார்.

கடைசிச் சோதனை டீக்கடையில்தான் செய்ய வேண்டும். அரை மணி நேரம் நன்றாக ஓட்டி, நிறுத்தி, பத்து நிமிடம் பானெட்டை மூடியே வைத்து, லாக் ஓடவிட்டபடி ஸ்டார்ட் செய்யுங்கள். உலோக மேனிஃபோல்டில் திருகிய காற்று வெப்ப சென்சார் மேனிஃபோல்டின் சூட்டைத்தான் காட்டும். உள்ளே வரும் காற்று 35 டிகிரி, திரையில் 65. இசியு அதை நம்பிப் பெட்ரோலை ஒன்பது சதவீதம் குறைக்கும், ஐடிலிங் ஆடும், ஒன்றிரண்டு நிமிடம் ஓடியதும் தானே சரியாகும். அந்தத் 'தானே சரியாவது'தான் அடையாளம். மறுபடியும் ஐடில் கட்டத்தில் கை வைக்காதீர்கள். முனை திறந்த வகை சென்சாரை ஏர் ஃபில்டருக்குப் பக்கத்தில், டர்போ என்றால் இன்டர்கூலருக்குப் பின்னால், சிலிக்கான் குழாயில் மாற்றிப் பொருத்துங்கள். அதன் பிறகும் மிச்சம் இருந்தால் காற்று வெப்பக் கரெக்‌ஷன் அட்டவணையில் 50 டிகிரிக்கு மேல் உள்ள வெட்டைப் பாதியாகக் குறைத்து, அதே டீக்கடை, அதே பத்து நிமிடம், மறுபடியும் லாக் எடுங்கள்.